லிட்டருக்கு 35 கொடுக்குமாம்: வரப்போகிற மலிவு வண்டியில் நம் கடற்கரை ரோட்டுக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

வேதாளை நண்டு

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு. பழைய ஒரு லட்ச ரூபாய்க் கார் புது உருவத்தில் திரும்ப வருகிறதாம், விலை மூன்று லட்சத்துக்குள்ளாம், மைலேஜ் லிட்டருக்கு 35-க்குக் குறையாதாம். படத்தோடு வருகிறது, வீடியோவும் வருகிறது.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பாம்பனில் நண்டும் கணவாயும் எடுத்து ராமநாதபுரத்தில் கொண்டுபோய்ப் போடுகிறேன். இப்போது ஓட்டுவது டிவிஎஸ் எக்ஸெல், பின்னால் இரண்டு ஐஸ் பெட்டி. வேதாளையிலிருந்து பாம்பன், அங்கிருந்து ராமநாதபுரம், திரும்ப வீடு என்று தினம் 80 கிலோமீட்டருக்குக் குறையாது. மாதம் 25 நாள் ஓடினால் 2,000 கிலோமீட்டர். மழையிலும் ஆடிக் காற்றிலும் உடம்பு தாங்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் ராமநாதபுரத்தில் படிக்கிறார்கள், ஒரு கார் இருந்தால் அவர்களையும் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அந்த 35 கொடுக்கிற வண்டிக்காகக் காத்திருக்கவா, இல்லை இப்போதே பழைய சின்னக் கார் ஒன்றைப் பிடிக்கவா? 35 என்று சொன்னால் நம் ரோட்டில் உண்மையில் எவ்வளவு வரும்? மச்சான் 28 என்கிறார், இன்னொருத்தர் 20-ஐத் தாண்டாது என்கிறார். ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி டாக்சி

சொல்கிறதில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு மேல் எதிர்பார்க்காதே தம்பி.

கீழக்கரை டு ஷார்ஜா

தம்பி, முதலில் ஒன்று. வாட்ஸ்அப்பில் வருகிற படம் அறிவிப்பு ஆகாது. கம்பெனி விலைப் பட்டியல் போட்டு, சோதனைச் சான்று வாங்கி, ஷோரூமில் வண்டி நின்றால்தான் அது வண்டி. அதுவரை அது ஒரு எண், அவ்வளவுதான்.

நான் இதைச் சும்மா சொல்லவில்லை, ஒரு வண்டிக்காகவே பல வருஷம் செய்தி படித்துக்கொண்டிருந்தவன். அமெரிக்காவில் எலியோ மோட்டார்ஸ் என்று ஒரு கம்பெனி. மூன்று சக்கரம், ஒருவர் முன்னால் ஒருவர் பின்னால் உட்காரும் இரண்டே சீட்டு. விலை 6,800 டாலர், நெடுஞ்சாலையில் கேலனுக்கு 84 மைல் என்றார்கள். லூசியானாவில் ஷ்ரீவ்போர்ட் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப்போன ஆலையில்தான் செய்யப்போவதாகச் சொன்னார்கள். 100 டாலரிலிருந்து 1,000 டாலர் வரை முன்பணம் கட்டி 65,000-க்கும் மேற்பட்டவர்கள் பெயர் பதிந்தார்கள். தேதி ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போனது. மாதிரி வண்டிகளை எல்லோரும் பார்த்தார்கள், வாங்கி வீட்டுக்கு ஓட்டிப்போனவர் ஒருவர்கூட இல்லை.

அந்த 84-ஐ நம் கணக்குக்கு மாற்றினால் எவ்வளவு தெரியுமா? அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். அப்படிப் பார்த்தால் லிட்டருக்கு 35.7 கிலோமீட்டர் வருகிறது. உன் குழுவில் வந்த 35-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது பார். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கும், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். இரண்டையும் கலந்து மாற்றிவிட்டு ஒருவன் 30 என்பான், இன்னொருவன் 36 என்பான், ராத்திரி முழுக்கச் சண்டை ஓடும்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 84 நெடுஞ்சாலைக்கு மட்டும். ஊருக்குள் அவர்களே வைத்த இலக்கு 49-தான், அதாவது லிட்டருக்கு 21 கிலோமீட்டர் கிட்ட. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் எது நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நம் ஊர் வண்டிக்கு வருவோம். நீ சொன்ன அந்தப் பழைய ஒரு லட்ச ரூபாய்க் கார் டாடா நானோ. அதை 2008 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள், 2009-ல் விற்பனைக்கு வந்தது. 624 சிசி, இரண்டு சிலிண்டர், என்ஜின் பின்னால், எடை 600 கிலோ சுற்றி. அவ்வளவு சின்ன வண்டிக்கே சோதனையில் வந்த எண் 23.6-தான். பஜாஜ் க்யூட்டுக்கு 35-க்கு மேல் சொன்னார்கள், சரி, ஆனால் அது 216 சிசி, உச்ச வேகமே மணிக்கு 70. அதைக் கார் என்றுகூடச் சட்டம் சொல்லவில்லை, குவாட்ரிசைக்கிள் என்று தனி வகை. அதனால் நாலு பேர் உட்காருகிற, ஏசி உள்ள, ஹைவேயில் 90 ஓடுகிற பெட்ரோல் கார் மூன்று லட்சத்துக்குள் 35 கொடுக்கும் என்றால் எங்கேயோ ஒன்றை விட்டுத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

தங்கச்சிமடம் அண்ணன்

கீழக்கரைக் காக்கா, அதாவது அண்ணன், சொல்வது சரிதான், ஆனால் மைலேஜே வராது என்று ஆகிவிடாது. ஃபோக்ஸ்வாகன் எக்ஸ்எல்1 என்று ஒன்று செய்தார்கள். நூறு கிலோமீட்டருக்கு 0.9 லிட்டர், லிட்டருக்கு 111 கிலோமீட்டர். இரண்டு சிலிண்டர் டீசலோடு சார்ஜ் ஏற்றுகிற பேட்டரியும் சேர்த்த வண்டி. கார்பன் இழையில் உடம்பு, எடை 800 கிலோவுக்குள், பார்க்க மீன் மாதிரி வழவழவென்று இருக்கும். 250 வண்டிதான் செய்தார்கள், விலை ஒரு லட்சம் யூரோவைத் தாண்டியது. மைலேஜை வரவழைக்க முடியும். மலிவாக வரவழைக்கிறதுதான் கஷ்டம்.

பட்டணம்காத்தான் பட்டறை

22 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மைலேஜ் வரவில்லை என்று வருகிற ஆளுக்கு நான் முதலில் விளக்குவது, அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைத்தான்.

காரை ரோட்டில் ஓட்டி அளப்பதில்லை. ஒரு அறைக்குள் உருளை மேல் நிறுத்தி, திரையில் வருகிற கோட்டைப் பின்பற்றி ஓட்டுகிறார்கள். நம் நாட்டில் காருக்கு அந்தச் சோதனை மொத்தம் 1,180 விநாடி, இருபது நிமிஷம்கூட இல்லை. முதல் 780 விநாடி ஊருக்குள் ஓட்டுவது போல, கடைசி 400 விநாடி ஊருக்கு வெளியே ஓட்டுவது போல. உச்ச வேகம் 90, அதுவும் கொஞ்ச நேரம்தான். ஏசி போட மாட்டார்கள். புகையில் வருகிற கார்பனை அளந்து அதிலிருந்து எவ்வளவு எரிபொருள் எரிந்தது என்று கணக்குப் போடுவார்கள். இருசக்கர வண்டிக்கு வேறு சோதனை.

இதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை. எல்லா வண்டியையும் ஒரே தராசில் வைக்க ஒரு தராசு வேண்டும், அதற்காகச் செய்தது. ஒரு காரையும் இன்னொரு காரையும் ஒப்பிடுகிறதற்கு அந்த எண் நன்றாக உதவும். ஆனால் உன் பாக்கெட்டில் மாதம் எவ்வளவு போகும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அந்த உருளையில் பாம்பன் பாலமும் இல்லை, உச்சிப்புளி ரயில்வே கேட்டும் இல்லை, எழுபது கிலோ ஐஸும் நண்டும் இல்லை.

ஏசி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏசி கம்ப்ரசர் பெரிய காரில் இழுப்பதைவிடச் சின்னக் காரில் ரொம்பக் குறைவாக இழுத்துவிடாது, உள்ளே வெயில் அதே வெயில்தானே. பெரிய என்ஜினுக்கு அது பாரமாகவே தெரியாது. சின்ன என்ஜினுக்கு அது செய்கிற மொத்த வேலையில் பெரிய பங்கு. அதனால் காகிதத்தில் மைலேஜ் அதிகம் காட்டுகிற சின்ன வண்டிதான் ஏசி போட்டதும் அதிகமாகக் கீழே விழும். மே மாசம் ராமநாதபுரத்தில் ஏசி போடாமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவாயா?

35 என்று சான்று வாங்கிய வண்டியாகவே வந்தாலும், உன் ஓட்டத்துக்கு 24 என்று வைத்துக்கொள். மேலே வந்தால் லாபம்.

வேதாளை நண்டு

ரொம்ப நன்றி அண்ணே. அறைக்குள் ஓட்டுகிறார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. காற்று எவ்வளவு பாதிக்கும்? ஆடியில் பாம்பனிலிருந்து மேற்கே வரும்போது எக்ஸெல் நாற்பதைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

திருப்புல்லாணி டீச்சர்

நான் இயற்பியல் எடுக்கிறவள், இதை நான் சொல்கிறேன்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். அது ரோட்டு வேகம் இல்லை, காற்றோடு ஒப்பிட்ட வேகம். நீங்கள் 60-ல் போகிறீர்கள், எதிரே 30-ல் கச்சான், அதாவது மேற்கத்திக் காற்று, அடிக்கிறது என்றால் வண்டிக்கு அது 90. அறுபதின் வர்க்கம் 3,600, தொண்ணூறின் வர்க்கம் 8,100. தடை இரண்டேகால் மடங்கு.

"திரும்பி வரும்போது அதே காற்று பின்னால் தள்ளுமே, சரியாகிவிடும்" என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சரியாகாது. திரும்பும்போது வண்டிக்குப் படுகிறது 30, அதன் வர்க்கம் 900. 8,100-ஐயும் 900-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 4,500. காற்றே இல்லாத நாளில் 3,600. போய்வந்த மொத்தத்தில் காற்றுத் தடை மட்டும் கால் பங்கு கூடிவிட்டது. காற்றில் இழந்ததைக் காற்று முழுதாகத் திருப்பித் தருவதில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. கச்சான் காலத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு மேற்கே போகும்போதுதான் எதிர்காற்று, காலிப் பெட்டியோடு கிழக்கே வரும்போது பின்காற்று. வாடைக் காலத்தில் அது அப்படியே மாறிவிடும், சரக்கோடு போகும்போது கொஞ்சம் தள்ளிவிடும். அதனால் ஆடியில் அளந்த மைலேஜும் மார்கழியில் அளந்த மைலேஜும் ஒரே வண்டியில் ஒன்றாக இருக்காது. கப்பலேறிப் பிழைத்த ஊர்க்காரர்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை, பாய்மரக் காலத்தில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம்.

எலியோவுக்கு 84 என்று சொன்னதற்கும் இதுதான் காரணம். ஆளை ஆளுக்குப் பின்னால் உட்காரவைத்தால் வண்டியின் அகலம் பாதியாகிவிடும், காற்றில் மோதுகிற முகம் சின்னதாகிவிடும். ஹைவேயில் அது நன்றாக வேலை செய்யும். ஊருக்குள் நின்று நின்று போகும்போது காற்று பெரிய விஷயமே இல்லை, அங்கே எடைதான் பேசும். அதனால்தான் ஊருக்குள் இலக்கு 49-க்கு இறங்கிவிட்டது. அப்படிப்பட்ட வண்டியின் மேல் ஒரு கேரியர் போட்டு ஐஸ் பெட்டியைக் கட்டினால் எதற்காக அந்த உருவத்தைச் செய்தார்களோ அது போய்விடும்.

தொண்டி டாக்சி

நான் மேலே சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன், ஏனென்றால் என் சொந்தக் காரில் நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. சான்றில் 22 போட்டிருக்கிற வண்டி, ஒரு தடவை தொண்டியிலிருந்து ஈசிஆரில் ராத்திரி தனியாகப் போனேன், ஏசி இல்லை, 55-ஐத் தாண்டவில்லை, தேவிபட்டினம் வரைக்கும் பிரேக்கில் கால் வைத்ததே நாலைந்து தடவைதான். டேங்க் நிரப்பிப் பார்த்தால் 24 வந்தது. அதே வண்டியில் நாலு பேரை ஏற்றி ராமேஸ்வரம் போய் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் ஏசியோடு ஓட்டினால் 15, 16. இரண்டுமே உண்மை.

பட்டணம்காத்தான் பட்டறை

வரும் அண்ணே, நம்புகிறேன். சோதனையில் குளிர்ந்த என்ஜினில் ஆரம்பித்து நின்று நின்று கிளம்புகிற பகுதிதான் அதிக நேரம். ஒரே சீராக 50, 55-ல் டாப் கியரில் போனால் அதைவிட நல்லதாக வர வாய்ப்பு உண்டு. டீச்சர் மாதிரி தினம் ஆறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்குத்தான் கஷ்டம், என்ஜின் சூடேறுவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடும்.

ஏர்வாடி ஆட்டோ

யாரும் கேஸ் பற்றிப் பேசவில்லையே. சிஎன்ஜியில் 34 வருகிறதே, வேகன் ஆருக்கு 34.05 என்று போட்டிருக்கிறார்கள். 35-க்காக எதற்குக் காத்திருக்க வேண்டும்? நம் மண்ணுக்குள்ளேயே கேஸ் இருக்கிறது, வழுதூரில் அதை எரித்துத்தான் மின்சாரம் எடுக்கிறார்கள்.

திருப்புல்லாணி டீச்சர்

நல்ல கேள்வி, ஆனால் அந்த 34 லிட்டருக்கு இல்லை தம்பி, கிலோவுக்கு. ஒரு கிலோ சிஎன்ஜியில் இருக்கிற சக்தி கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். அதனால் 34 என்ற எண்ணைப் பெட்ரோல் காரின் 24 பக்கத்தில் வைத்துப் பத்து கிலோமீட்டர் அதிகம் என்று சொல்லக் கூடாது. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று இரண்டையும் மாற்றிவிட்டுப் பாருங்கள், அப்போதுதான் ஒரே தட்டில் நிற்கும். ரூபாயில் இன்னமும் சிஎன்ஜி மிச்சம் பிடிக்கும், ஆனால் 34 என்ற எண் காட்டுகிற அளவுக்கு இல்லை. டிக்கி முழுக்க சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும் என்பதையும் யோசியுங்கள், ஐஸ் பெட்டி எங்கே வைப்பார்?

ஏர்வாடி ஆட்டோ

சரி டீச்சர். அப்போ பைக்கிலும் இதே கதைதானா? பஜாஜ் ஃப்ரீடம் 125, 2024 ஜூலையில் வந்தது, 2 கிலோ கேஸ், 2 லிட்டர் பெட்ரோல், இரண்டும் சேர்த்து 330 கிலோமீட்டர் போகும் என்றார்கள்.

திருப்புல்லாணி டீச்சர்

அதேதான். கேஸில் 200 சொச்சம், பெட்ரோலில் 130 சொச்சம். அங்கேயும் கிலோவுக்கு ஒன்றரை மடங்கு வருகிறதைக் கவனியுங்கள், என்ஜின் மாறவில்லை, எரிபொருள்தான் மாறுகிறது.

அப்புறம் பெட்ரோலிலேயே ஒரு மாற்றம் வந்திருக்கிறது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் ஒரு லிட்டருக்குள் இருக்கிற சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள், பழைய மாதிரிக் கார்களில் 6 முதல் 7 சதவீதம், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும், இந்தக் கலவைக்கென்றே சரிசெய்த காரில் 1, 2 சதவீதம்தான் என்று. பழைய கார் வாங்கப்போகிறவர் அதன் கையேட்டில் எந்தப் பெட்ரோலுக்குச் செய்த வண்டி என்று பார்த்து வாங்க வேண்டும்.

கீழக்கரை டு ஷார்ஜா

நான் ஒரு கணக்குப் போட்டேன், தம்பிக்கு இது உதவும். மாதம் 2,000 கிலோமீட்டர் என்கிறாய்.

15 கொடுக்கிற வண்டியை விட்டு 20 கொடுக்கிற வண்டிக்கு மாறினால் 133 லிட்டர் 100 லிட்டர் ஆகிறது. 33 லிட்டர் மிச்சம். 30-லிருந்து 35-க்கு மாறினால் 67 லிட்டர் 57 ஆகிறது. மிச்சம் பத்து லிட்டர்கூட இல்லை. இரண்டுமே "அஞ்சு கிலோமீட்டர் அதிகம்"தான், ஆனால் மிச்சமாகிறது மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. மேலே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டரின் மதிப்பும் தேய்ந்துகொண்டே போகும். ஐரோப்பாவில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுகிறார்கள், அதில் இந்த மயக்கம் வராது.

35-க்கும் 25-க்கும் உனக்கு வித்தியாசம் மாதம் 23 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 2,300 ரூபாய். அந்தப் புது வண்டிக்காக ஒரு லட்சம் அதிகம் கொடுத்தால் அதை எடுக்க 43 மாதத்துக்கு மேல். காத்திருக்கிற மாதங்களை இதில் நான் சேர்க்கவில்லை.

வேதாளை நண்டு

காக்கா, இந்தக் கணக்கைப் படித்ததும் எனக்கு வேறு ஒன்று தோன்றியது. என் எக்ஸெல் எவ்வளவு கொடுக்கிறது என்றே எனக்குத் தெரியாது. 60 கொடுக்கும் என்று வாங்கும்போது சொன்னார்கள், அதையே நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அளக்கிறது எப்படி? முள்ளைப் பார்த்தால் போதுமா?

பட்டணம்காத்தான் பட்டறை

முள் வேண்டாம், 200 ரூபாய்க்குப் போட்டு எத்தனை நாள் ஓடுகிறது என்ற கணக்கும் வேண்டாம்.

ஒரே பங்க், ஒரே பம்ப். வண்டியை நேராக நிறுத்தி, நாசில் தானாக முதல் தடவை கட் ஆகிற இடத்தில் நிறுத்தச் சொல்லு, அதற்கு மேல் தட்டித் தட்டி ஊற்ற விடாதே. எக்ஸெல் டேங்க் சின்னது, அதில் கட் ஆகிறது ஒழுங்காக வராது, அதனால் கழுத்தில் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரைக்கும் நிரப்பு. மீட்டரைக் குறித்துக்கொள். ஓட்டு. திரும்ப அதே பம்பில் அதே அளவுக்கு நிரப்பு. ஓடின கிலோமீட்டரை ஊற்றின லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். ஒரு தடவையை நம்பாதே, மூன்று தடவையாவது சேர்த்துப் பார். மீட்டர் சரியா என்று ஹைவே கிலோமீட்டர் கல்லை வைத்துச் சரிபார்த்துக்கொள், பத்து கல் போதும்.

அளவில் சந்தேகம் வந்தால் பங்கில் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கும், இருக்க வேண்டும், நீ கேட்டால் ஊற்றிக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் போகக் கூடாது. எனக்கே ஒரு இடத்தில் அப்படி நடந்தது. கேட்டதும் முகம் சுளித்தார்கள், ஆனால் ஊற்றிக் காட்டினார்கள், குறைவாகத்தான் இருந்தது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

கூடவே இதையும் பார்த்துவிடு. நம் கடற்கரையில் மைலேஜைத் தின்கிறது பெரும்பாலும் பிரேக். உப்புக் காற்றில் டிரம்முக்குள் பிரேக் கட்டையைத் தள்ளுகிற கேம் துருப்பிடித்து, மிதித்த பிரேக் முழுதாகத் திரும்பாது. நீ ஓட்டிக்கொண்டிருப்பாய், வண்டி லேசாகப் பிரேக் பிடித்துக்கொண்டே வரும், உனக்குத் தெரியாது. நடு ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்று. இரண்டு மூன்று சுற்று தானாகச் சுற்ற வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டிரம்மின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சூடு அடித்தால் அதுதான். ஐஸ் பெட்டித் தண்ணீர் ஒழுகிப் பின் சக்கரத்தில் விழுகிற வண்டிகளில் இது ரொம்பச் சீக்கிரம் வரும், அது வெறும் தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர்.

டயர் காற்று வாரம் ஒரு தடவை, காலையில் வண்டி சூடாவதற்கு முன்னால். ஏர் ஃபில்டரைப் பற்றி நிறைய பேர் சொல்வார்கள். கார்புரேட்டர் காலத்தில் அடைத்த ஃபில்டர் பெட்ரோலைக் குடிக்கும், இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் இழுவைதான் குறையும், மைலேஜ் அவ்வளவாக விழாது. மணல் உள்ளே போகக் கூடாது என்பதற்காக மாற்று, மைலேஜுக்காக இல்லை.

தங்கச்சிமடம் அண்ணன்

எல்லோரும் மைலேஜையே பேசுகிறீர்கள், ஒன்றை விட்டுவிட்டீர்கள். தம்பி காரில் வியாபாரச் சரக்கு ஏற்றப்போகிறார். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு கார். அந்த இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து "உபயோகத்துக்கான வரம்புகள்" என்கிற பகுதியைப் படியுங்கள். சொந்தச் சாமானும் மாதிரிப் பொருள்களும் தவிர சரக்கு ஏற்றிச்செல்வது அதில் சேராது. தினம் நண்டு ஏற்றிப்போகிற காரில் ஒரு விபத்து நடந்தால் கம்பெனி கையை விரித்துவிடலாம். எங்கள் தெருவில் ஒருவருக்கு இப்படி ஆகி, அவர் வீட்டில் பட்ட கஷ்டத்தைப் பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரக்குக்குச் சரக்கு வண்டி. குட்டியானையோ, மூன்று சக்கர லோடு ஆட்டோவோ, இல்லை இப்போது இருக்கிற எக்ஸெல்லோ. குடும்பத்துக்குக் கார். இரண்டையும் ஒரே வண்டியில் செய்யப் பார்த்தால் 35 கொடுத்தாலும் 50 கொடுத்தாலும் நஷ்டம்தான். நண்டு வாடையில் பிள்ளைகளை எப்படிப் பள்ளிக்கூடம் அனுப்புவீர்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

வேதாளை நண்டு

அண்ணே, இன்சூரன்ஸ் விஷயம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. வீட்டில் படித்துக் காட்டினேன். வாடை விஷயத்தை அவளே முன்னாடி சொல்லியிருக்கிறாள், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேதாளை நண்டு

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். அளந்துவிட்டேன்.

மூன்று தடவை நிரப்பினேன். முதல் இரண்டு தடவையும் 160 கிலோமீட்டர் சுற்றி ஓடி 3.4 லிட்டர் பிடித்தது, அதாவது 47. இவ்வளவு நாள் 60 என்று நானே நம்பிக்கொண்டிருந்தது 47. அப்புறம் பட்டறை அண்ணன் சொன்னபடி பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், ஒரு சுற்றுகூட வரவில்லை. கழற்றிப் பார்த்தால் கேம் முழுக்கத் துரு. சுத்தம் செய்து கிரீஸ் வைத்து, ஐஸ் பெட்டிக்கு அடியில் ஒரு குழாய் மாட்டித் தண்ணீரைச் சக்கரத்துக்கு வெளியே இறக்கிவிட்டேன். மூன்றாவது தடவை அதே 160-க்கு 3.1 லிட்டர், 51-க்கு மேல். காற்றும் கிட்டத்தட்ட அதே காற்றுதான், பாலத்தில் இன்னும் நாற்பதுதான் போகிறது.

இப்போது காக்கா கணக்கில் போட்டுப் பார்த்தேன். 47 கொடுத்தபோது எனக்கு மாதம் 43 லிட்டர் ஆனது. அந்த வரப்போகிற வண்டி காகிதத்தில் சொன்ன 35-ஐ அப்படியே கொடுத்தாலும் 57 லிட்டர். பட்டறை அண்ணன் சொன்ன 24 கொடுத்தால் 83 லிட்டர், இருக்கிறதைவிட மாதம் 4,000 ரூபாய் அதிகம். மைலேஜ் வண்டி வாங்கி மிச்சம் பிடிக்கப் போகிறேன் என்று நான் கிளம்பியது இதற்காகத்தான்.

அதனால் சரக்கு எக்ஸெல்லிலேயே போகட்டும், ஆடிக்கு ஒரு நல்ல மழைக்கோட்டு வாங்கிக்கொள்கிறேன். பிள்ளைகளுக்குப் பழைய சின்னக் கார் ஒன்று பார்க்கிறேன், மாதம் ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓடாது, அதற்கு 18 கொடுத்தாலும் பரவாயில்லை. டீச்சர் சொன்னபடி கையேட்டைப் பார்த்துத்தான் வாங்குவேன்.

பட்டணம்காத்தான் பட்டறை

கார் பார்க்கும்போது கூப்பிடு, அடிப்பகுதித் துருவை நான் வந்து பார்க்கிறேன். கடற்கரை வண்டியாக இருந்தால் கதவுக்குக் கீழே, பின் சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். முன் பிரேக்கும் இதே மாதிரி ஒரு தடவை கழற்றிவிடு, பின்னால் இருந்தது முன்னாலும் இருக்கும்.

திருப்புல்லாணி டீச்சர்

வாடை பிறந்த பிறகு அதே பாதையில், அதே எடையில் இன்னொரு மூன்று தடவை அளந்து போடுங்கள். இரண்டு காலத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

வேதாளை நண்டு

கட்டாயம் போடுகிறேன் டீச்சர். நோட்டில் தேதியோடு காற்று எந்தப் பக்கம் என்றும் எழுதி வைக்கிறேன்.